கல்லில் யாருடைய பெயர் இருக்கிறது? வெளிநாட்டுப் போர் நினைவிடங்களுக்குப் போகிறவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

வேலூர் லாங் பஜாருக்குச் சரக்கு வாங்கப் போகிறவர்கள் மணிக்கூண்டைக் கடந்துதான் போகிறார்கள். அதில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914–1919 பெரும்போருக்கு, அதாவது முதல் உலகப்போருக்கு, இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. அவ்வளவுதான். அந்த 14 பேர் யார், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளைகள், எந்த ஊரில் செத்தார்கள் என்று ஒரு சொல் இல்லை. குடியாத்தத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து மூட்டையோடு பஸ் ஏறுகிறவர்களில் அந்தக் கல்லை நிமிர்ந்து பார்த்தவர்கள் குறைவு.

ஆந்திர எல்லையை ஒட்டிய நம் ஊர்களில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகள் நிறைய. இப்போது அதே வீடுகளிலிருந்து சிங்கப்பூர், தாய்லாந்து, வியட்நாம், ஐரோப்பா என்று சுற்றுலா கிளம்புகிறார்கள். பயண ஏற்பாட்டாளர் தரும் நிரலில் "போர் நினைவுச் சின்னம், அரை மணி நேரம்" என்று ஒரு வரி இருக்கும். இறங்குகிறார்கள், படம் எடுக்கிறார்கள், ஏறிவிடுகிறார்கள். கோவிலுக்குப் போனால் எங்கே தொடங்கி எப்படிச் சுற்றுவது என்று நமக்குத் தெரியும். இந்த இடங்களில் எதைப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. முதன்முறை போகிறவர்களுக்காக அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

போர் நினைவிடம் என்று ஒரே பெயரில் நாம் அழைப்பவை ஒரே வகையானவை அல்ல. உடல்கள் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டம் ஒன்று. உடல் கிடைக்காதவர்களின் பெயர்களைப் பொறித்த சுவரோ வளைவோ இன்னொன்று. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் உள்ள மெனின் வாயில் இரண்டாவது வகை. அதில் 54,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன, அடியில் யாரும் புதைக்கப்படவில்லை. போரில் வென்றவர் தன் வெற்றியைச் சொல்ல நட்ட தூண் மூன்றாவது வகை. சம்பவம் நடந்த இடத்தையே அப்படியே காப்பாற்றி வைத்திருப்பது நான்காவது: ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பி நிற்கும் குவிமாடக் கட்டடம், போலந்தில் நாஜிகள் யூதர்களைக் கொன்ற ஆஷ்விட்ஸ் முகாம். கல்லறையில் நாம் துக்கம் கேட்கப் போகிறோம். வெற்றித் தூணில் ஒரு தரப்பின் பேச்சைக் கேட்கப் போகிறோம். முகாமில் ஒரு குற்றத்துக்கான சாட்சியத்தைப் பார்க்கப் போகிறோம். எந்த வாசலில் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டாலே நம் குரலும் நடையும் தானாக மாறிவிடும்.

எந்த வகையாக இருந்தாலும் சில கேள்விகளைக் கையில் வைத்திருங்கள். இதை யார் வைத்தார்கள்? எப்போது வைத்தார்கள்? யாருடைய பெயர் இருக்கிறது, யாருடைய பெயர் இல்லை? கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி என்பது என் எண்ணம். மற்றவற்றை வழிகாட்டியே சொல்லிவிடுவார்.

நம் ஊர் வழக்கம்

பெயர் தேடும் பழக்கத்தை நாம் வெளியூரில் போய்க் கற்க வேண்டியதில்லை. பழைய வட ஆற்காடு மாவட்டம் நடுகற்கள் நிறைந்த மண். (1911 வரை அதன் தலைநகரம் சித்தூர் என்பது இந்தத் தலைமுறைக்கு மறந்துபோய்விட்டது.) மாடுகளைக் கவர வந்தவர்களோடு பொருது செத்தவனுக்குக் கல் நடுவது இங்கே வழக்கம். கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வாழ்த்துவது வரை காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் அதற்கு ஆறு படிகள் சொல்கிறது. பல கற்களில் எழுத்தும் உண்டு. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர் மாட்டுக்காக நடந்த சண்டை, பட்டவன் யாருடைய ஆள், அவன் பெயர் என்ன என்பதைச் சில வரிகளில் சொல்லி முடித்துவிடுவார்கள்.

திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல் கிடைத்தது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டில், 7-ஆம் நூற்றாண்டில் நட்டது. மாடு மீட்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அதில் ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தும் இருக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கூடக் கல்லில் எழுதி வைத்த வட்டாரத்தில், 20-ஆம் நூற்றாண்டில் செத்த 14 மனிதர்களுக்குக் கிடைத்தது ஓர் எண் மட்டும். மணிக்கூண்டு அரசாங்கம் பேசிய பேச்சு. நடுகல் ஊரார் பேசிய பேச்சு. இந்த வேறுபாட்டை ஒருமுறை உணர்ந்துகொண்டவர்களுக்கு எந்த நாட்டிலும் எந்தச் சுவரையும் படிக்க வந்துவிடும்.

வெள்ளைக் கற்களைப் படிப்பது

நம்மவர்கள் வெளிநாட்டில் பார்க்கும் உலகப்போர்க் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலானவை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பொறுப்பில் இருப்பவை. 1917-இல் ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால் தொடங்கிய அமைப்பு அது. இரண்டு உலகப்போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 லட்சம் பேரை 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் நினைவுகூர்கிறது. அது தொடக்கத்திலேயே சில விதிகளை வகுத்துக்கொண்டது. உடலை ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது. பணக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதற்காகப் பெரிய கல் வைக்கக் கூடாது. படைத்தலைவனுக்கும் சமையல்காரனுக்கும் ஒரே அளவுக் கல். அதனால்தான் அந்தத் தோட்டங்கள் அத்தனை சீராக இருக்கின்றன. நடுவில் வாள் பதித்த பெரிய சிலுவை இருந்தால் அது ரெஜினால்டு ப்ளோம்ஃபீல்டு வடிவமைத்தது. பலிபீடம் போன்ற நீளக் கல் இருந்தால் அது எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்தது. தில்லியின் இந்தியா கேட்டை வடிவமைத்தவரும் அவர்தான்.

ஒரு கல்லின் முன் நின்றால் மேலிருந்து கீழே படியுங்கள். முதலில் படைப்பிரிவின் சின்னம், பிறகு எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், தெரிந்திருந்தால் வயது. அதற்குக் கீழே சமயக் குறி. எல்லாவற்றுக்கும் அடியில் சில கற்களில் குடும்பத்தார் கேட்டு எழுதவைத்த ஒரு வரி இருக்கும். முதல் உலகப்போரில் அதற்கு இடைவெளியையும் சேர்த்து 66 எழுத்துகள்தான் அனுமதி. மகனைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எல்லாம் 66 எழுத்துக்குள் ஒரு தாய் சொல்லியாக வேண்டும். அரை மணி நேரம்தான் கையில் இருக்கிறது என்றால் சிலுவையையும் வளைவையும் விட்டுவிட்டு இந்த அடிவரிகளை மட்டும் படித்துக்கொண்டு நடங்கள். அடையாளம் தெரியாதவரின் கல்லில் "கடவுளுக்குத் தெரிந்தவர்" என்ற பொருளில் ஒரு தொடர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தவர் ஆங்கில எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங். 1915-இல் பிரான்சில் லூஸ் சண்டையில் காணாமல்போன தன் மகனின் உடலை அவரால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

நம் ஆட்களைத் தேடும்போது இரண்டு இடங்களில் குழப்பம் வரும். முதலாவது எழுத்து. இந்து வீரரின் கல்லில் இருக்கும் சமய வரி தேவநாகரியில் இருக்கும். அவர் தமிழராக இருந்தாலும் அப்படித்தான். இரண்டாவது, கல்லறை வரிசையில் இந்துப் பெயர்களே குறைவாக இருப்பது. புதைக்காமல் எரித்ததால் கல்லறை இல்லை. அவர்களுடைய பெயர்களைத் தோட்டத்தில் வேறொரு பக்கம் தகன நினைவகம் என்று தனியாகப் பொறித்திருப்பார்கள். பலர் அதைக் கட்டடத்தின் ஒரு பகுதி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இத்தாலியில் சாங்ரோ ஆற்றுப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் அப்படி ஒரு தகன நினைவகம் உண்டு. அங்கே உள்ள பெயர்களில் ஒன்று சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழோட்டிவாக்கத்துக்காரர், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு. 1944 பிப்ரவரியில் மிஞ்யானோ என்ற இடத்தில், மிதிபட்ட கண்ணிவெடியின் மேல் தன் உடலைப் போட்டுப் படுத்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். பிரிட்டனின் ஜார்ஜ் கிராஸ் வீர விருது பெற்ற முதல் இந்தியர் அவர். ரோமுக்குப் போகிற தமிழர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ்ப் பெயர் இருப்பது தெரியும்?

எல்லோருக்கும் ஒரே கல் என்ற விதி எல்லோருக்கும் பொருந்தியதா என்றால், இல்லை. ஆணையமே அமைத்த குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் அதை ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களிலும் சுமை தூக்கியவர்களிலும் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை. ஈராக்கின் பாஸ்ரா நினைவகம் இதற்குக் கண்கூடான சான்று. மெசபடோமியா (இன்றைய ஈராக்) களத்தில் இறந்து கல்லறை இல்லாமல்போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு எடுத்தது. பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் சுவரில் ஏறின. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையாக மட்டும் நின்றார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் போன களம் அது. லாங் பஜார் கல்லும் பாஸ்ரா சுவரும் ஒரே மனப்போக்கில் பிறந்தவை. (பாஸ்ராவுக்குச் சுற்றுலா போகும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.) முதல் உலகப்போர் இந்தியர்களைப் பெயரோடு பார்க்க வேண்டுமானால் பிரான்சின் நவ் ஷாப்பெல் ஊருக்குப் போகலாம். 1927-இல் திறந்த அந்த இந்திய நினைவகத்தில் 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அந்தக் களத்தில் போரிட்டவர்கள் பெரும்பாலும் வட இந்தியர், நேப்பாளத்தார் என்பதை நினைவில் வையுங்கள். தமிழ்ப் பெயர் கிடைக்கவில்லையே என்று ஏமாற வேண்டாம்.

முதல் பயணத்துக்குச் சிங்கப்பூர்

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் சிங்கப்பூர் என்பேன். விமானம் எளிது, மொழிச் சிக்கல் இல்லை, ஒரு மாலைப் பொழுதுக்குள் நான்கு விதமான நினைவுச் சின்னங்களைப் பக்கத்துப் பக்கத்தில் பார்த்துவிடலாம். எஸ்பிளனேட் பூங்காவில் முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்கு 1922-இல் திறந்த வெள்ளைத் தூண் நிற்கிறது. ஜப்பானியருக்கு எதிராக மறைமுகமாகப் போராடிச் சிறையில் இறந்த லிம் போ செங்குக்கு 1954-இல் எடுத்த சின்னம் சற்றுத் தள்ளி. அதன் பலகைகளில் ஒன்று தமிழில் இருக்கிறது. சாலையைக் கடந்தால் குடிமக்கள் போர் நினைவகம். 60 மீட்டருக்கு மேல் உயர்ந்த நான்கு தூண்கள், 1967-இல் திறந்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்பில் கொல்லப்பட்ட பொதுமக்களின் எலும்புகள் அடியில் தாழிகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. நான்கு தூண்களும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு சமூகத்தாரைக் குறிக்கின்றன. இங்கும் தமிழில் படிக்கலாம். பிப்ரவரி 15 அன்று ஆண்டுதோறும் அஞ்சலி நடக்கும்.

அதே பூங்காவில் பலரும் கவனிக்காத ஒரு பலகைதான் எனக்குப் பிடித்தது. அந்த இடத்தில் இந்திய தேசிய ராணுவத்தின் மறைந்த வீரர்களுக்காக 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டி ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது. சில வாரங்களில் போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பியதும் அதை இடித்துத் தள்ளினார்கள். 1995-இல் சிங்கப்பூர் அரசு அங்கே ஓர் அடையாளப் பலகை வைத்தது. அந்தப் படையில் சேர்ந்தவர்களில் மலேயா தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்கள் ஏராளம். ஒரு சின்னத்தை யார் வைத்தார், யார் இடித்தார், யார் திரும்ப நினைவுபடுத்தினார் என்ற மூன்றையும் ஒரே இடத்தில் நின்று தெரிந்துகொள்ளலாம்.

மறுநாள் காலையில் கிராஞ்சிக்குப் போங்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். 4,400-க்கும் மேற்பட்ட கல்லறைகள், 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட சுவர்கள். பெரிய நினைவகத்தின் பின்னால் தகன நினைவகம் இருக்கிறது, பார்க்காமல் திரும்பாதீர்கள். காலை என்று சொல்வதற்குக் காரணம் வெயில். அந்த மேட்டில் நிழல் குறைவு.

பெயரே இல்லாதவர்கள்

தாய்லாந்தில் காஞ்சனபுரி. பாங்காக்கிலிருந்து ஒரே நாளில் போய் வரக்கூடிய ஊர். பாலத்தைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள். அது சயாம்–பர்மா ரயில் பாதையின் பாலம். 415 கிலோமீட்டர் பாதையை ஜப்பானியர் 1942-43-இல் ஏறத்தாழ ஓராண்டில் போட்டு முடித்தார்கள். வேலை செய்த போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் போர்க்கைதிகளைப் போல் மூன்று மடங்கு. அந்தத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கூலி தருவதாகச் சொல்லியும் வலுக்கட்டாயமாகவும் கொண்டுபோன தமிழர்கள் அதில் பெரும் பகுதி. மலேயாவுக்கு ஆள் போன மாவட்டங்களில் முதன்மையானவற்றில் வட ஆற்காடும் ஒன்று என்பதால் இது நமக்கு வேற்றூர்ச் செய்தி அல்ல. மலேசியாவில் உறவினர் இருக்கும் குடும்பங்களில் விசாரித்துப் பாருங்கள். "ரயில் போடப் போனவர் திரும்பவில்லை" என்ற ஒரு வரி எங்காவது வரும்.

ஊர் நடுவில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். அங்கே நிமிர்ந்த கல் இல்லை, தாழ்ந்த பீடத்தில் வெண்கலத் தகடு; புல் வெட்டிச் செடி வைத்துப் பேணுகிறார்கள். பக்கத்திலேயே ரயில் பாதை வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் இருக்கிறது, முதலில் அதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குள் போவது நல்லது. அங்கே பார்த்து முடித்ததும் பஸ் ஏறிவிடாமல் வாட் தாவோர்ன் வராராம் என்ற கோவிலுக்கும் போங்கள். பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. 2023-இல் அதே வளாகத்தில் மலேசியத் தமிழர்களின் முயற்சியால் தமிழ்த் தொழிலாளர்களுக்கு ஒரு நடுகல் எழுப்பினார்கள். தூண் இல்லை, வளைவு இல்லை, நடுகல்! 80 ஆண்டுகள் காத்திருந்து தன் மக்களுக்கு எந்த வடிவில் மரியாதை செய்வது என்று யோசித்தபோது அவர்களுக்குத் தோன்றியது அதுதான்.

நேரம் இருந்தால் அங்கிருந்து 80 கிலோமீட்டர் போல வடமேற்கே ஹெல்ஃபயர் கணவாய். மலைப்பாறையைக் கையால் வெட்டிய இடம். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் விளக்கக்கூடம் இருக்கிறது. வெட்டுப் பாதையில் இறங்கி நடக்க நல்ல செருப்பு வேண்டும். வயதானவர்களை அந்தப் படிக்கட்டில் இறக்காதீர்கள்.

ஒரே சம்பவம், இரண்டு கற்கள்

வேலூர்க் கோட்டையை ஒட்டி 1806-க்கு இரண்டு நினைவுகள் இருக்கின்றன. ஜூலை 10 விடியலில் கிளம்பிய சிப்பாய்களின் எழுச்சியில் இறந்த ஐரோப்பியர்களுக்குப் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல். அடக்குமுறையில் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்ட சிப்பாய்களுக்குக் கோட்டைக்கு எதிரே மக்கான் சந்திப்பில் தூண்; அது விடுதலைக்குப் பிறகு வந்தது. சிங்கப்பூரில் 1915 பிப்ரவரியில் இந்தியப் படைப்பிரிவு ஒன்று கிளர்ந்தது. கொல்லப்பட்ட ஐரோப்பியர்களுக்கு விக்டோரியா மண்டபத்தில் பலகை வைத்தார்கள். சுட்டுக் கொல்லப்பட்ட 47 சிப்பாய்களுக்கு அப்படி எதுவும் இல்லை. ஹிரோஷிமாவில் குண்டுக்கு இறந்த கொரியர்களுக்கு 1970-இல் வைத்த சின்னம் அமைதிப் பூங்காவுக்கு வெளியே நின்றது. உள்ளே அதற்கு இடம் கிடைத்தது 1999-இல்தான். குண்டு எல்லோர் மேலும் ஒன்றாகத்தான் விழுந்தது.

நம்மைத் தேடி வருகிறவர்களும் உண்டு. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815-இல் பிரிட்டிஷார் பிடித்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832-இல் அவன் இங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் அவனுடையது. இலங்கையிலிருந்து வந்து பார்க்கிறார்கள். நாம் கண்டிக்குப் போனால் தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் முன்னால் உள்ள ஏரியும் அவன் கட்டியவை என்று சொல்வார்கள். அவன் கொடுங்கோலன் என்ற கதையையும் சொல்வார்கள். இங்கே நாடிழந்த அரசன், அங்கே அஞ்சத்தக்க அரசன். கேட்கும்போது மறுத்துப் பேச வேண்டாம். அங்கே ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டால் உரையாடல் நன்றாகப் போகும். இலங்கையில் அண்மைப் போரின் சின்னங்களைப் பார்க்கும்போது இந்த அடக்கம் இன்னும் அதிகமாகத் தேவை. பக்கத்தில் நிற்பவர் யாரை இழந்தவர் என்று நமக்குத் தெரியாது.

பழங்கோவில்கள், அரண்மனைகள் போன்ற மரபிடங்களைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். அவற்றுக்கு வழிகாட்டிகள் ஏராளம். ஒரே ஓர் இடம் மட்டும் விதிவிலக்கு, வியட்நாமின் மீசோன். அங்கே முன்பு இருந்த சம்பா என்ற நாட்டின் அரசர்கள் கட்டிய சிவன் கோவில்கள். 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பல சிதைந்தன. 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இந்தியத் தொல்லியல் துறை அங்கே பழுது பார்த்தபோது 2020-இல் ஒரே கல்லாலான லிங்கம் வெளிவந்தது. கோவிலுக்குப் பக்கத்திலேயே குண்டு விழுந்த பள்ளங்களையும் பார்க்கலாம். போட்ட பாதையை விட்டு விலகாதீர்கள்.

நடந்துகொள்வது பற்றிச் சில

தோளும் முழங்காலும் மூடிய உடை எங்கும் பொருந்தும். கம்போடியாவின் அங்கோர் கோவில்கள் போன்ற இடங்களில் அது கட்டாயமும்கூட. போர்க் கல்லறைகளில் செருப்பைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள், கழற்றினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். பூ வைக்கலாம். சூடம், ஊதுபத்தி ஏற்ற வேண்டாம். கல் கறுத்துவிடும், காவலரோடு வாக்குவாதமும் வரும். கல்லின் மேல் சாய்ந்து உட்கார்ந்து படம் எடுப்பதை நம் ஊரில் சுடுகாட்டில் செய்வோமா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

மெனின் வாயிலில் தினமும் இரவு 8 மணிக்கு ஊதுகொம்பு இசைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள். முடிந்ததும் கைதட்டக் கூடாது. நம் கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் தட்டுவார், முன்பே சொல்லி வையுங்கள். ஆஷ்விட்ஸில் நுழைவுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் முன்பதிவு வேண்டும். பெரிய பைக்கு அனுமதி இல்லை. கைதிகளின் தலைமுடி வைத்திருக்கும் அறையில் படம் எடுக்கக் கூடாது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அழைத்துவர வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள். பேரனுக்கு வரலாறு தெரியட்டும் என்று 8 வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போவது பிள்ளைக்கும் நல்லதல்ல, அங்கே வந்திருப்பவர்களுக்கும் நல்லதல்ல. சிங்கப்பூர்ப் பூங்கா போதும்.

போர்க்களத்திலிருந்து தோட்டா, உலோகத் துண்டு, கல் எதையும் எடுத்து வராதீர்கள். வெடிக்காத தோட்டாவாக இருந்தால் உயிருக்கு ஆபத்து. வெற்றுத் தோட்டாவாக இருந்தாலும் விமான நிலையத்தில் ஒரு நாள் போய்விடும். ராணுவ முகாமை ஒட்டிய சின்னங்களில் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

ஆணையத்தின் கல்லறைத் தோட்டங்களில் நுழைவாயிலுக்கு அருகே சுவரில் ஒரு சிறு வெண்கலக் கதவு இருக்கும். திறந்தால் உள்ளே பெயர்ப் பதிவேடும் பார்வையாளர் நோட்டும் இருக்கும். பூட்டியிருக்காது, தயங்காமல் திறக்கலாம். நோட்டில் தமிழில் எழுதுங்கள்.

கிளம்பும் முன் தேடுவது

உங்கள் வீட்டில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர் யாராவது இருந்தால், ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். அங்கேதான் பலர் சோர்ந்துபோகிறார்கள். முனுசாமி என்ற பெயரை வெள்ளைக்கார எழுத்தர் எத்தனை விதமாக எழுதியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்; எல்லா விதத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும். பெயரில் சிக்கவில்லை என்றால் கூடுதல் விவரப் பகுதியில் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் இருக்கும், அதில் தேடுங்கள். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என்று இன்றைய மாவட்டப் பெயர்களைப் போட்டால் ஒன்றும் வராது. வட ஆற்காடு என்று ஆங்கிலத்தில் போடுங்கள்; எல்லைக்கு அந்தப் பக்கத்துக் குடும்பமாக இருந்தால் சித்தூர், வட ஆற்காடு இரண்டையும் போடுங்கள். சிப்பாய் என்று மட்டும் நினைத்துத் தேடவும் வேண்டாம். சமையல், தண்ணீர், சுமை, கோவேறு கழுதை ஓட்டுவது என்று படையோடு போனவர்கள் வேறு பதவிப் பெயரில் இருப்பார்கள்.

பெயர் கிடைத்ததும் நினைவகத்தின் பெயரோடு பலகை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 24,000 பெயர் உள்ள சுவரில் கண்ணால் தேடி எடுக்க முடியாது. சுவரில் முதலில் படைப்பிரிவு, அதற்குள் பதவி, அதற்குள் பெயர் என்ற வரிசையில் எழுதியிருப்பார்கள். எனவே படைப்பிரிவு தெரியாமல் போனால் சுவரின் முன் நின்று திண்டாட வேண்டியதுதான்.

படைப்பிரிவை வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முதல் உலகப்போருக்குப் போன தாத்தாவின் பதக்கம் பீரோவிலோ டிரங்குப் பெட்டியிலோ கிடந்தால் அதன் முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அந்த விளிம்பில் சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். டிக்கெட் எடுப்பதற்கு முன் அதைப் படித்துவிட்டால் எந்த நாட்டுக்கு எடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.